ஆடும் பல்லுக்கு இம்பிளாண்ட் முட்டுக்கொடுக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கீழ் முன்பற்கள் நான்கும் ஆடுகின்றன. கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்களை எடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரு டாக்டர், பக்கத்தில் இம்பிளாண்ட் வைத்து ஆடும் பற்களை அதோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்கிறார். இன்னொருவர் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு முழுக்க இம்பிளாண்ட் வைக்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் கேட்க வேண்டாம். இம்பிளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் பதிக்கும் டைட்டானியத் திருகு, அதன் மேல்தான் பொய்ப்பல் உட்காரும். ஆடும் பல்லை அதோடு சேர்த்துக் கட்டினால் பெரும்பாலும் இரண்டுமே கெடும். அதற்காக, ஆடும் பல்லுக்கு இம்பிளாண்ட்டால் உதவியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உங்கள் அப்பாவின் வாயில் அது நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும் கடைவாய். அங்கே நின்று மெல்லும் பாரத்தை வாங்கிக்கொண்டால், முன்பற்கள் மேல் இத்தனை நாள் விழுந்துகொண்டிருந்த சுமை குறையும். அதற்கும் முன்னால் ஈறு நோய் அடங்கியாக வேண்டும். இந்த வரிசை மாறினால் எவ்வளவு விலை கொடுத்து வைத்த இம்பிளாண்ட்டும் நிலைக்காது.

முதலில் பல் ஏன் ஆடுகிறது என்று பார்ப்போம். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. பல்லை எலும்போடு பிடித்து வைத்திருப்பது அதுதான். ஈறு நோய் வந்த வாயில் ஆட்டத்துக்குக் காரணம் மூன்று. கிருமிகளால் வரும் அழற்சியில் அந்த நார்கள் வீங்கித் தளர்வது ஒன்று. பல் தாங்கக்கூடியதற்கு மேல் கடி விழுவது இன்னொன்று. வேரைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்துபோவது மூன்றாவது. முதல் இரண்டும் சரியாகக்கூடியவை. கரைந்த எலும்பு மட்டும்தான் பெரும்பாலும் திரும்பி வராது. அதனால்தான் முதல் நாளே பல்லை ஆட்டிப் பார்த்துவிட்டு "இது போச்சு" என்று தீர்ப்பு எழுதக் கூடாது. அந்த ஆட்டத்தில் எவ்வளவு வீக்கத்தால், எவ்வளவு கடியால், எவ்வளவு எலும்பு போனதால் என்று அன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கடைவாய்ப் பல் இல்லாதவர்களுக்கு இந்த இரண்டாவது காரணம் மிகப் பெரியது. சோறும் சப்பாத்தியும் முறுக்கும் எல்லாம் முன்பல்லில்தான் அரைபடும். முன்பல் இருப்பது கடித்து நறுக்க, அரைக்க அல்ல. கீழ் வெட்டுப்பற்களின் வேரோ பக்கவாட்டில் தட்டையாக, மெலிதாக, 12 மி.மீ. சுமாருக்குத்தான் இருக்கும். அதில் பாதி எலும்பு போயிருந்தால் மீதி 6 மி.மீ. பிடிப்பில் நாள் முழுக்க அரைவைப் பாரம் விழுகிறது. மேல் முன்பற்களையும் ஒருமுறை பாருங்கள். பழைய கல்யாண ஃபோட்டோவில் இல்லாத இடைவெளி இப்போது நடுவில் விழுந்திருக்கிறதா, பற்கள் முன்னால் சாய்ந்து உதட்டைத் தள்ளுகின்றனவா? அப்படியானால் பின்பக்கத் தாங்கல் போனதால் கடியே சரிந்துவிட்டது என்று அர்த்தம். ஈறு நோய் நிபுணர்களின் உலகப் பட்டறை 2017-இல் கூடி வகுத்து 2018-இல் வெளியான வகைப்பாட்டில் இதை ஈறு நோயின் நான்காம் நிலை என்பார்கள். ஈறு நோயால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பற்கள் போயிருப்பது, கடி சரிவது, பற்கள் இடம்பெயர்வது எல்லாம் அந்த நிலையின் அடையாளங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது நாளுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தால், நோய் வேகமாகப் பரவும் 'சி' பிரிவில் வைக்க வேண்டும் என்றும் அதே வகைப்பாடு சொல்கிறது.

இனி, சேர்த்துக் கட்டுவது ஏன் கூடாது என்பதற்கு வருவோம். இம்பிளாண்ட்டைச் சுற்றி அந்த நார்த்திசு கிடையாது. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் டாக்டர் பிரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு இம்பிளாண்ட் வைத்த காலத்திலிருந்து இன்றுவரை அதன் அடிப்படை ஒன்றுதான்: டைட்டானியத்தின் மேல் எலும்பு நேராக ஒட்டி வளர்கிறது. ஆகவே அழுத்தினால் அது இறங்குவது 3 முதல் 5 மைக்ரான் வரைதான். ஆரோக்கியமான பல்லே கடிக்கும்போது 25 முதல் 100 மைக்ரான் வரை இறங்கி ஏறும். ஆடும் பல்லின் கதை வேறு. இரண்டாம் தர ஆட்டம் என்றால் பக்கவாட்டில் 1 மி.மீ.-க்கு மேல், அதாவது ஆயிரம் மைக்ரானுக்கு மேல். தண்ணீரில் ஊன்றிய கல்தூணையும் பக்கத்தில் மிதக்கும் படகையும் ஒரே பலகையில் ஆணியடித்து இணைத்தால் படகு நிலைத்துவிடாது. ஒவ்வொரு அலைக்கும் பலகை தூணைப் பிடுங்கும். அதுதான் இங்கேயும் நடக்கிறது. பல் இறங்குகிறது, இம்பிளாண்ட் இறங்குவதில்லை. இரண்டையும் இணைக்கும் பொய்ப்பல் வரிசையான பிரிட்ஜின் மொத்தப் பாரமும் நெம்புகோல்போல இம்பிளாண்ட்டின் கழுத்தில் விழுகிறது. முதலில் உள்ளே இருக்கும் சிறு திருகு தளரும். அடுத்து பீங்கான் உடையும். அதையும் தாண்டி ஓட்டினால் திருகோ, இம்பிளாண்ட்டின் கழுத்தோ முறியும்.

பல்லின் பக்கம் நடப்பது இன்னும் மோசம், காரணம் அது வெளியே தெரியாது. பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்புக்குள் ஒட்டியிருக்கும் சிமென்ட் ஆட்டத்தில் விட்டுப்போகும். சாதாரண பிரிட்ஜ் என்றால் அது கழன்று கையில் வந்துவிடும், ஆளும் டாக்டரிடம் ஓடுவார். இங்கே மறுமுனையை இம்பிளாண்ட் கெட்டியாகப் பிடித்திருப்பதால் எதுவும் கழலாது. எச்சிலும் உணவும் கேப்புக்குள் போய் வரும், பல் உள்ளேயே சொத்தையாகும். ஒருநாள் வேறு காரணத்துக்காகப் பிரிட்ஜைக் கழற்றும்போது நாற்றம்தான் முதலில் வெளியே வரும். உள்ளே பல் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் கரண்டியால் வழிக்கும் பதத்தில் ஏதோ இருக்கும். இன்னொரு விசித்திரமும் உண்டு: இப்படிப் பிணைத்த பல் கொஞ்சம் கொஞ்சமாக எலும்புக்குள் அமிழ்ந்து கேப்பை விட்டு விலகிப் போகும். இரண்டுக்கும் நடுவே அசையும் இணைப்பு வைத்தால் அதிர்ச்சி தாங்கும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பல் அமிழ்வது அந்த மாதிரி இணைப்புகளில்தான் அதிகம்.

விதிவிலக்கு இருக்கிறது. பக்கத்தில் உள்ள பல் ஆடாமல், ஈறு சுத்தமாக, நல்ல எலும்போடு நிற்கிறது. இம்பிளாண்ட்டுக்கு இன்னோர் இடம் கிடைக்காது, சைனஸ் அறையோ கீழ்த்தாடை நரம்போ குறுக்கே வருகிறது. எலும்பு சேர்க்கும் அறுவைக்கு உடம்போ பணமோ இடம் தரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பல், ஓர் இம்பிளாண்ட், நடுவில் ஒரு பொய்ப்பல் என்று மூன்று அலகுக் குட்டி பிரிட்ஜை இறுக்கமான இணைப்போடு, பல்லின் பக்கம் நிரந்தர சிமென்ட் போட்டு வைக்கலாம். தற்காலிக சிமென்ட் அங்கே ஆகாது. இந்த விதிவிலக்கில் ஆடும் பல்லுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சிகிச்சை எங்கிருந்து தொடங்க வேண்டும்? அளவெடுப்பதில் இருந்து. ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் மெல்லிய அளவுகோல் கம்பியை விட்டு, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பாக்கெட் எத்தனை மி.மீ. ஆழம், எங்கே ரத்தம் கசிகிறது, எங்கே சீழ், ஈறு எவ்வளவு இறங்கியிருக்கிறது, எது எவ்வளவு ஆடுகிறது என்று பட்டியல் போட வேண்டும். 28 பல் என்றால் 168 அளவுகள். இதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்றைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் எழுதிய சிகிச்சைத் திட்டத்தை நம்ப வேண்டாம். ஓபிஜி-யில் கீழ் முன்பல் பகுதி முதுகெலும்பின் நிழல் விழுந்து மங்கலாகத்தான் தெரியும். ஆடும் பற்களுக்குத் தனித்தனிச் சிறு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அப்பா ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அந்த மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைத்து, பாக்கெட்டை உள்ளதைவிட ஆழமாகக் காட்டும். மாற்று மாத்திரை பற்றி அதை எழுதிய டாக்டரிடம் கேட்கலாம். தானாக நிறுத்தக் கூடாது.

அடுத்தது ஆழமான சுத்தம். மேலோட்டமான ஸ்கேலிங் இதற்குப் போதாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரின் மேல் படிந்த காரையை எடுக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு அமர்வுகள் ஆகும். "கிளீன் பண்ணினால் பல் ஆடும், இடைவெளி விழும்" என்று நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது. அதில் பாதி உண்மை. கீழ் முன்பற்களின் உட்பக்கம் காரை பாறைபோலப் படிந்து, நான்கு பற்களையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீங்கிய ஈறு வற்றும்போது பல் நீளமாகத் தெரியும், கறுப்பு முக்கோண இடைவெளி விழும், குளிர்ந்த தண்ணீர் கூசும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாமல் சிகிச்சை செய்தால், நோயாளி இரண்டாவது அமர்வுக்கு வரமாட்டார்.

சுத்தம் முடிந்த ஒன்றிரண்டு வாரத்துக்கு 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் 10 மி.லி. எடுத்துக் காலையும் இரவும் ஒரு நிமிடம் கொப்பளிக்கச் சொல்வார்கள். பேஸ்ட் போட்டுத் துலக்கியதற்கும் இதற்கும் அரை மணி இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் பேஸ்டில் உள்ள நுரைக்கும் பொருள் மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். மாதக்கணக்கில் போட்டால் பல் பழுப்பேறும், நாக்கில் ருசி மாறும். அதைவிட முக்கியம் பல் இடுக்கு பிரஷ். ஈறு இறங்கிய வாயில் சாதாரண பிரஷ் இடுக்குக்குள் போகாது, இடுக்கில் விட்டு இழுக்கும் பல் நூலும் குழிந்த வேரின் பக்கத்தைத் தொடாது. ஒவ்வொரு இடைவெளிக்கும் சற்றே இறுக்கமாக நுழையும் அளவில் பிரஷ் வேண்டும். ஒரே வாய்க்கு இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படலாம். இதைப் பல் ஆஸ்பத்திரியில் கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பழக்கித் தர வேண்டும்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் அந்த 168 அளவுகள். 6 மி.மீ.-யோ அதற்கு மேலோ ஆழமான பாக்கெட் எதுவும் மிஞ்சக் கூடாது, ரத்தம் கசியும் இடங்கள் வாயில் கால்வாசிக்கும் கீழே வந்திருக்க வேண்டும். அப்படி மிஞ்சிய இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஃபிளாப் சர்ஜரி. எலும்பில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமான குழி இருந்தால், சவ்வோ எலும்புத் தூளோ எனாமல் புரத ஜெல்லோ வைத்துக் கொஞ்சம் எலும்பை மீட்கலாம். குழியில்லாமல் மட்டமாகக் கரைந்த எலும்புக்கு இது பலிக்காது. கீழ் முன்பற்களில் பெரும்பாலும் மட்டமான கரைசல்தான். சர்க்கரைக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சர்க்கரை அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது என்பது 2022-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் வந்த கணக்கு. மாத்திரை ஒன்றைக் கூட்டியதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

ஆட்டம் இந்த மூன்று மாதத்திலேயே ஓரளவு குறைந்திருக்கும். மிச்சம் இருப்பதற்கு ஸ்பிளிண்ட். கீழ் கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை ஆறு பற்களையும் உட்பக்கம் கண்ணாடி நார்ப் பட்டையாலோ முறுக்குக் கம்பியாலோ கட்டுவது. பல்லைத் தேய்த்துக் குறைக்கக் கூடாது. எனாமலை 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தில் அரை நிமிடம் அரித்து, கழுவி, நன்றாகக் காயவைத்து, பாண்டிங் என்ற ஒட்டும் திரவத்தைப் பூசி, நாரை வைத்து, பல் நிறப் பூச்சான காம்போசிட் போட்டு ஒளியில் இறுக்க வேண்டும். இதில் கெடுவது இரண்டு இடத்தில். எச்சில் பட்டால் ஒட்டாது, கீழ் முன்பல் உட்பக்கமோ எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும் இடம். ரப்பர் திரை போட்டுச் செய்பவரிடம் செய்துகொள்வது நல்லது. இன்னொன்று, அழகுக்காக இடுக்குகளைக் காம்போசிட்டால் அடைத்துவிடுவது. பிரஷ் நுழையாவிட்டால் அந்த ஸ்பிளிண்ட்டே அடுத்த ஈறு நோயை வளர்க்கும். ஒரு பல்லில் ஒட்டு விட்டுப்போய் மற்ற ஐந்தில் பிடித்திருந்தால், அந்தப் பல்லுக்குள் சொத்தை ஒளிந்து வளரும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கோரைப்பல்லும் ஆடினால் ஸ்பிளிண்ட்டுக்கு அர்த்தமில்லை. ஆடாத ஒன்று இரண்டு முனையிலும் வேண்டும்.

எலும்பு பாதி போன பல் எவ்வளவு நாள் நிற்கும் என்ற சந்தேகம் எழும். நைமன், லிண்டே என்ற ஈறு நோய் ஆய்வாளர்கள், அதே கோதன்பர்க்கில், 1970-களில் காட்டியது இதுதான்: எலும்பு வெகுவாகக் குறைந்திருந்தாலும், நோய் அடங்கிச் சுத்தம் பேணப்பட்டால் பற்கள் நீண்ட பிரிட்ஜ்களைக்கூட வருடக்கணக்கில் சுமக்கின்றன. அமெரிக்காவில் ஹிர்ஷ்ஃபெல்டும் வாசர்மனும் 1978-இல் வெளியிட்ட கணக்கில் 600 நோயாளிகள், சராசரி 22 வருடக் கவனிப்பு. அதில் பாதிப் பேர் ஈறு நோயால் ஒரு பல்லைக்கூட இழக்கவில்லை. இம்பிளாண்ட் பரவலாக வருவதற்கு முந்தைய வைத்தியம் அது.

இப்போது கடைவாய். கீழ்த்தாடையில் இரு பக்கமும் முதல் கடைவாய்ப்பல் இடத்தில், அதாவது 36, 46 என்ற எண்களில், ஆளுக்கொரு இம்பிளாண்ட் வைத்தால் பெரும்பாலும் போதும், சிறு கடைவாய்ப் பற்கள் நல்லபடியாக இருக்கும் பட்சத்தில். பத்து ஜோடிப் பற்கள் மேலும் கீழும் சந்தித்தால் மெல்லுவதற்குப் போதும் என்று நெதர்லாந்தின் பல் ஆய்வாளர் கெய்சர் 1980-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கும் சேர்த்து நான்கு வைக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் மூன்று அளவு பார்க்க வேண்டும். கீழ்த்தாடை நரம்புக் குழாய்க்கும் இம்பிளாண்ட்டின் நுனிக்கும் நடுவே 2 மி.மீ. விட வேண்டும்; பல் இருந்த இடத்துத் தாடை எலும்பு மேட்டிலிருந்து நரம்பு வரை 12 மி.மீ. எலும்பு இருந்தால் 10 மி.மீ. இம்பிளாண்ட். அகலத்தில், 4.5 மி.மீ. இம்பிளாண்ட்டுக்கு இருபுறமும் ஒன்றரை மி.மீ. எலும்பு நிற்க வேண்டும், ஆக ஏழரை. பல் எடுத்த முதல் 12 மாதத்திலேயே மேட்டின் அகலம் ஏறக்குறையப் பாதி சுருங்கிவிடும் என்பதால் பழைய இடங்களில் உதைப்பது பெரும்பாலும் இந்த அளவுதான். மூன்றாவது அளவை ஸ்கேன் பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்: உயரம். கீழே பல் இல்லாமல் வருடங்கள் போனால் மேல் கடைவாய்ப்பல் எதிர்ப்பு இல்லாமல் கீழே இறங்கி வந்திருக்கும். மேட்டிலிருந்து அந்தப் பல் வரை 7 மி.மீ.-யாவது இடம் இல்லாவிட்டால் கேப் கட்ட முடியாது. மேல் பல்லைத் தேய்த்துக் குறைத்துக் கேப் போட வேண்டியிருக்கலாம், அதற்கு வேர் சிகிச்சையும் தேவைப்படலாம். இந்தச் செலவு முதல் கொட்டேஷனில் இருக்காது.

அறுவை என்பது மரத்துப்போகும் ஊசியில் முக்கால் மணி வேலை. 2 மி.மீ. துளையில் தொடங்கி, படிப்படியாகப் பெரிய டிரில் மாற்றி, குளிர்ந்த சலைனை ஓடவிட்டபடி துளைப்பார்கள். எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே செத்துவிடும். மழுங்கிய டிரிலும் அவசரக் கையும் இம்பிளாண்ட் ஒட்டாமல் போவதற்கு ஒரு காரணம். 30 முதல் 45 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கில் இறுகினால் நல்ல பிடிப்பு. கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதம் ஆறவிட்டுக் கேப். திருகிப் பொருத்தும் கேப்பைக் கேளுங்கள். சிமென்ட்டில் ஒட்டும் கேப்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஈறுக்குள் பிதுங்கி நிற்கும் சிமென்ட் துணுக்கு, ஈறு நோய் கண்ட வாயில் சீழுக்கு நேர்வழி. கேப்பின் கடியும் தனிக் கணக்கு: 8 மைக்ரான் தகட்டை வைத்து மெல்லக் கடித்தால் இம்பிளாண்ட் கேப்பில் தகடு வழுக்கி வர வேண்டும், இறுகக் கடித்தால் மாட்ட வேண்டும். பக்கத்துப் பல் அழுந்தி இறங்கிய பிறகுதான் இம்பிளாண்ட் பாரம் வாங்க வேண்டும் என்பதற்காக இது.

ஒரு வருடத்துக்குள் சிலர், "கேப்புக்கு முன்னால் கறித்துண்டு மாட்டுது" என்று வருவார்கள். இயற்கைப் பற்கள் வாழ்நாள் முழுக்க மெதுவாக முன்னால் நகரும், இம்பிளாண்ட் நகராது. நடுவே சந்து விழுகிறது. திருகுக் கேப் என்றால் கழற்றி, அந்தப் பக்கம் கொஞ்சம் பீங்கான் கூட்டி, மறுபடி திருகிவிடலாம்.

முன்பற்கள் இவ்வளவுக்குப் பிறகும் மேலும் கீழும் அமுங்கும் மூன்றாம் தர ஆட்டத்தில் இருந்தால், அல்லது அடிக்கடி சீழ் கட்டினால், எடுத்துவிடுவதே சரி. அப்போதும் நான்கு பல்லுக்கு நான்கு இம்பிளாண்ட் என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழ் வெட்டுப்பற்கள் நான்கின் மொத்த அகலம் 21 மி.மீ. சுமார். 3.3 மி.மீ. மெல்லிய இம்பிளாண்ட் நான்குக்கு 13.2, இம்பிளாண்ட்டுகளுக்கு இடையே 3 மி.மீ. வீதம் மூன்று இடைவெளிக்கு 9. இரு ஓரத்திலும் கோரைப்பல்லிலிருந்து ஒன்றரை வீதம் 3. மொத்தம் 25.2. இடமே இல்லை. இரண்டு ஓரங்களில், 32, 42 எண்களில் இரண்டு வைத்து நான்கு பல் பிரிட்ஜ் கட்டுவதுதான் வழி. பல் எடுத்து ஆறு முதல் எட்டு வாரம் ஈறு மூடட்டும் என்று காத்திருந்து வைப்பது, சீழ் இருந்த இடத்தில் பத்திரமான வழி.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நான்கோ ஆறோ இம்பிளாண்ட்டில் முழு வரிசையும் கட்டுவது தேவைப்படும் வாய்கள் உண்டு. பெரும்பாலான பற்கள் மூன்றாம் தர ஆட்டத்தில், வேர் நுனிவரை எலும்பு கரைந்து நிற்கும் வாய்கள். நான்கு முன்பல் ஆடுகிறது என்பதற்காக அதைச் செய்வது வேறு விஷயம். அதில் பல்லோடு மேட்டு எலும்பையும் பல மி.மீ. சீவித் தட்டையாக்குவார்கள், பற்கட்டுக்கு இடம் வேண்டும் என்பதற்காக. பிறகு அது தோற்றால் பின்வாங்க இடமில்லை. மூன்றே நாளில் பல், சர்க்கரையும் புகையும் தடையில்லை, ஈறு நோய் வராது என்று விளம்பரமாகும் அடி எலும்பு இம்பிளாண்ட்டுகளுக்குச் சாதாரண இம்பிளாண்ட்டுக்கு இருக்கும் அளவு நீண்டகால ஆதாரம் கிடையாது.

இம்பிளாண்ட்டுக்குச் சொத்தை வராது, ஆனால் ஈறு நோய் வரும். அதைச் சுற்றி எலும்பு கரையும் நோய்க்கு, முன்பு ஈறு நோய் இருந்த வாயும், சுத்தம் குறைவதும், தொடர் கவனிப்புக்கு வராததும்தான் நன்றாக நிறுவப்பட்ட முக்கியக் காரணங்கள். மிச்சமிருக்கும் பற்களின் ஆழப் பாக்கெட்டில் குடியிருக்கும் கிருமிகள்தான் இம்பிளாண்ட்டுக்கும் குடிபெயர்கின்றன. பல்லைச் சுற்றி நார்கள் வேரில் குத்திட்டு நின்று கிருமிக்குத் தடுப்பாக இருக்கும். இம்பிளாண்ட்டைச் சுற்றி அவை இணையாக ஓடுவதால் தடுப்பு பலவீனம், நோய் இறங்கினால் வேகமாக இறங்கும். வலிக்கவும் செய்யாது. கேப்புக்கு அருகே அழுத்தினால் ரத்தமோ சீழோ வந்தால் அன்றே காட்ட வேண்டும். தொடக்கத்தில் பிடித்தால் சுத்தத்தில் தீரும். எலும்பு கரைந்தபின் அறுவை செய்தாலும் முழுதாக மீள்வது அரிது.

அதனால் இம்பிளாண்ட்டுக்குப் பின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம், பற்களுக்கும் இம்பிளாண்ட்டுக்கும் சேர்த்து. கேப் பொருத்திய அன்றே ஓர் எக்ஸ்ரே எடுத்து, சில வாரத்தில் சுற்றிலும் ஆழ அளவையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இவை இல்லாவிட்டால் பிறகு எலும்பு குறைந்ததா, ஆரம்பத்திலேயே அப்படித்தானா என்று சொல்ல முடியாது. இம்பிளாண்ட் பெட்டியில் கம்பெனி, அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை அப்பாவின் ஃபைலில் ஒட்டி வாங்குங்கள். ஸ்ட்ராமன், நோபெல், ஆஸ்டெம் எதுவானாலும் திருகின் தலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பத்து வருடம் கழித்துத் திருகு தளரும்போது, எந்தக் கம்பெனி என்றே தெரியாமல் கேப்பை அறுத்தெடுக்க வேண்டிய நிலை அந்த ஸ்டிக்கர் இல்லாததால் வருவது.

செலவை எப்படிப் பிரிப்பது என்றால், ஈறு சிகிச்சைக்கும் ஸ்பிளிண்ட்டுக்கும் முதலில் கொடுங்கள். இம்பிளாண்ட்டுக்கு முன்பணம் இப்போது வேண்டாம். மூன்று மாத மறு அளவெடுப்புக்குப் பிறகு பேசலாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் மற்றப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் ஈறு நோய்க்குத் தனித் துறை இருக்கிறது, செலவும் குறைவு, நேரம்தான் அதிகம் பிடிக்கும். போகும்போது மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட், எல்லா மாத்திரைச் சீட்டுகள், பழைய எக்ஸ்ரே எடுத்துப் போங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் இவற்றில் ஏதாவது எடுத்திருந்தால், ஊசி போட்டது சில வருடம் முன்பு என்றாலும், பல் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் அதில் இருக்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், ஆனால் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்.